கோல் வரும்வரை

அகாதெம்கோரதோக், நோவோசிபிர்ஸ்க்
14 அக்டோபர் 1973

என் தம்பி எசிம்கானுக்கு,

உன் வீட்டில் உயிர்களும் கால்நடைகளும் சுகமா? உன் வீட்டுக்காரி ஸெய்னெப்பின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? சிவப்புப் பசு சினையா இல்லையா என்று போன கடிதத்தில் சொல்லாமல் விட்டுவிட்டாய். என் பக்கம் கால்நடை என்று சொல்லிக்கொள்ள ஜன்னலோரக் கள்ளிச்செடி ஒன்றுதான். அது சுகம். நான் சுகத்துக்கும் மேலே.

சூயின்ஷி!

செய்தி வேண்டுமானால் முதலில் பரிசை ஒப்புக்கொள். 'சூயின்ஷி' என்று கூவி நல்ல செய்தி கொண்டுவருகிறவள் கேட்டதைக் கொடுப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம், நான் புதிதாக உண்டாக்கியதல்ல. எனக்கு வேண்டியது உன் சிவப்புத் தொப்பி. நீ பதில் எழுதும்வரை என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் ஆராய்ச்சி முடிந்தது! இரண்டு வருஷத்துக்கும் மேலாக இழுத்தடித்த நிரூபணம் செவ்வாய்க்கிழமை வழிக்கு வந்தது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கொட்டாவி விடாதே. ஒரு வெளியை எடுத்துக்கொள். உன் ஸ்டேஷனைச் சுற்றியிருக்கும் புல்வெளி என்றே வைத்துக்கொள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் என்ற பேச்சே எனக்கு வேண்டாம். அதன்மேல் விரித்த திட்டுகள் போதும். இந்தத் திட்டு அந்தத் திட்டுக்குள் அடங்குகிறது, இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, அவ்வளவுதான். இதுதான் இடவியல். இதைப் பற்றிப் பேச நான் வைத்துக்கொண்ட சொற்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். 'எல்லாத் திட்டுக்கும்', 'ஏதோ ஒரு திட்டு உண்டு', 'இதுவும் அதுவும்', 'இதுவோ அதுவோ', 'இல்லை'. திட்டுகளைப் பற்றிப் பேசலாம், திட்டுகளின் கூட்டங்களைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இந்தக் கஞ்சத்தனமான மொழிக்குப் பெயர் முதல்நிலைத் தர்க்கம். இந்த மொழியில் நீ என்ன கேட்டாலும் ஓர் இயந்திரம் விதிப்படி தேடி, ஒருநாள் நின்று, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் என்று நான் நிரூபித்திருக்கிறேன். அந்த 'ஒருநாள் நின்று' என்பதில்தான் உயிரே இருக்கிறது.

ஜூன் பதினெட்டாம் தேதி ஆய்வேட்டைச் சபை முன்னால் வைக்க வேண்டும். ஜூனோடு எனக்குக் கொடுத்த மூன்று வருஷ ஆராய்ச்சிக் காலம் தீர்கிறது. பட்டம் வாங்காமல் போனால் வடக்கே எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கப் போட்டுவிடுவார்கள். அப்புறம் இந்தக் கரும்பலகைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதற்கு முன்னால் டிசம்பரில் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டும். நடத்துகிறவர் இன்னொகென்தி பிளதோனவிச். எப்போது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் குறுக்கே கேட்கலாம். பேசுகிறவர் 'இது வெளிப்படை' என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்கும்போது முழித்தால், சுண்ணாம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். அடுத்த ஆள் அப்படி மாட்டுகிறவரை ஒவ்வொரு வியாழனும் அவர்தான் தேநீர்.

ஸெய்னெப் அனுப்பிய குர்த் தீர்ந்துபோனது. அந்தக் காய்ந்த தயிர் உருண்டைகளை மேஜையில் வைத்திருந்தேன். என்னோடு படிக்கும் ஓம்ஸ்க்காரன் வெனியமின் ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தான். எழுதவில்லை என்றதும் தின்றுவிட்டான். இன்னும் அனுப்பச் சொல்.

தலைகால் புரியாமல் இருக்கும் உன் அக்கா,
நாகிமா


கோக்தாஸ் ஸ்டேஷன்
2 நவம்பர் 1973

அக்காவுக்கு,

இங்கே உயிர்களும் சுகம், கால்நடைகளும் சுகம். ஸெய்னெப்பின் இடுப்பு மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னால் வலிப்பதில்லை. பசு சினைதான். உன் கள்ளிச்செடிக்கு எங்கள் எல்லோருடைய விசாரிப்பும்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் தரமும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. ஸெய்னெப் அக்கம்பக்கத்தாருக்கு மிட்டாய் வாரி இறைத்தாள்.

தொப்பி மட்டும் கிடையாது. அது சர்க்கார் சொத்து. அது தலையில் இருந்தால் நான் ஸ்டேஷன் மாஸ்டர், இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் நிற்கிற யாரோ ஓர் ஆள். ஒரு கிடா தருகிறேன். இந்த ஊதா மையும் ஸ்டேஷனுடையதுதான், ஆனால் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

உன் இயந்திரம் பெரிதா, எங்கள் இயந்திரம் பெரிதா பார்க்கலாம். கோக்தாஸுக்கும் சாரிஓபாவுக்கும் நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கோல் இயந்திரம் உண்டு. சாரிஓபாக்காரர் அங்கே விசையை அழுத்தினால்தான் இங்கே என் இயந்திரத்திலிருந்து இரும்புக் கோல் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப இயந்திரத்துக்குள் போகிறவரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. கோல் கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பாதை கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தாலும் சரி, கோல் இல்லையென்றால் லைன் கிளியர் இல்லை. ஓடுகிற வண்டிக்குக் கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதை நீ பார்க்க வேண்டும். உன் இன்னொகென்தி பிளதோனவிச்சே எழுந்து நிற்பார்.

குர்த் ஒரு மூட்டை வருகிறது. கரும்பலகையில் எழுதாதீர்கள்.

உன் தம்பி,
எசிம்கான்


அகாதெம்கோரதோக்
17 டிசம்பர் 1973

தம்பிக்கு,

எல்லோரும் சுகமென்று நம்பி, அவசரமாக எழுதுகிறேன். இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை என் முறை. நாற்பது பக்கமும் மனப்பாடம். நேற்று கள்ளிச்செடிக்கு முழுவதும் சொல்லிக் காட்டினேன், ஓர் ஆட்சேபம் இல்லை.

இன்னொகென்தி பிளதோனவிச் வராந்தாவில் என்னைப் பார்த்து, "என்னம்மா, தேநீர் போடத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது, கத்துக்கப்போறதும் இல்லை" என்றேன். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்த மறுநிமிடம் தந்தி கொடுப்பேன். ஒரே சொல்தான், சூயின்ஷி. புதுவருஷத்துக்குள் வந்துவிடும். தொப்பியைத் தூசி தட்டி வை. கிடாவெல்லாம் எனக்கு வேண்டாம்.

நாகிமா


கோக்தாஸ்
15 ஜனவரி 1974

அக்காவுக்கு,

எங்களுக்குச் சுகத்தில் குறை இல்லை. உனக்கு?

புதுவருஷத்தன்று நான்தான் பணியில். தந்தி இயந்திரம் தட்டினபோதெல்லாம் எழுந்து போனேன். ஒன்று நிலக்கரி வண்டி, ஒன்று அல்மா-அதாவிலிருந்து எல்லோருக்கும் பொதுவான வாழ்த்து, இன்னொன்று யாருக்கோ பிறந்த குழந்தை. ஸெய்னெப் மிட்டாயை ஒரு கிண்ணத்தில் போட்டு வாசற்பக்கம் தயாராக வைத்திருந்தாள். அது அங்கேயே இருக்கிறது, நான் அவ்வப்போது ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர், "தந்தி வரலைன்னா என்ன அர்த்தம்னு தெரியாதா உனக்கு?" என்கிறார். தந்தி வரவில்லை என்றால் தந்தி வரவில்லை என்று அர்த்தம், வேறொன்றும் எழுதிக்கொள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு வரி எழுது.

எசிம்கான்


அகாதெம்கோரதோக்
29 ஜனவரி 1974

தம்பிக்கு,

நான் சுகம். கள்ளிச்செடியும் சுகம். இங்கே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரிக்குப் போய்விட்டது, பேசினால் வார்த்தை உறைகிறது. ஆகவே யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஸெய்னெப்பின் இடுப்புக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இப்போது நன்றாகத் தேநீர் போடுகிறேன்.

நாகிமா


கோக்தாஸ்
26 பிப்ரவரி 1974

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், பசு வயிறு தள்ளி நடக்கிறது. எனக்கு இந்த மாதம் நல்ல காற்று, நல்ல பசி.

உன் கடிதத்தில் கடைசி வரியைப் பார்த்துவிட்டு அக்டோபர்க் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அங்கே தேநீர் போடுவது யார் என்று அதில் நீயே எழுதியிருக்கிறாய். எந்த இடத்தில் மாட்டினாய்? இவனுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிடாமல் எழுது. புரியாவிட்டால் மூன்று தரம் படிப்பேன்.

அதுவரை சிரிக்க ஒரு கதை. பிப்ரவரி ஏழாம் தேதி இங்கே பனிப்புயல். பகல் பதினோரு மணிக்குச் சாரிஓபாவுக்குப் போகும் கம்பிகள் எல்லாம் செத்துப்போயின. போன் இல்லை, கோல் இயந்திரத்தின் முள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துப் பிரிவு அதிகாரி ஸவேலி லுக்கிச்சின் தனி வண்டி வந்து நின்றது. அவருக்கு நாலு மணிக்கு ஏதோ பெரிய கூட்டம். இங்கே ஸ்டேஷன் மாஸ்டர்கள் மூன்று பேர் முறை வைத்து வேலை செய்கிறோம் அல்லவா, அதில் ஒருவன் பணியில் இருந்தான். கோல் வராமல் வண்டியை விடமாட்டேன் என்றான்.

"லைன்ல யாருமில்லைய்யா. இருந்தா சாரிஓபாக்காரன் சொல்லியிருக்க மாட்டானா?" என்றார் அதிகாரி.

"சொல்றதுக்குக் கம்பி இல்லைங்களே."

"அப்ப எதிர்ல வண்டி வருதுன்றியா?"

"வருதுன்னு நான் சொல்லலை. வரலைன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

ஆறு மணி நேரம் நிறுத்தி வைத்தான். கம்பி சரியானதும் சாரிஓபாவைக் கேட்டால், அன்று முழுவதும் பாதையில் ஒரு தள்ளுவண்டிகூட இல்லை. விசாரணை வைத்தார்கள். "காலியாத்தானே இருந்துது?" என்று கேட்டார்கள். "இருந்துது. ஆனா பதினோரு மணிக்கு அது எனக்குத் தெரியாது. கேட்டதுக்குப் பதில் வரலைங்கிறது, இல்லைங்கிற பதில் ஆகாது. அதுக்குத் தனியா கோல் வரணும்" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. நீயும் சிரி.

உன் தம்பி,
எசிம்கான்


அகாதெம்கோரதோக்
20 மார்ச் 1974

என் தங்கத் தம்பிக்கு,

உயிரும் கால்நடையும் சுகமா? சுகமாகத்தான் இருக்க வேண்டும், வேறு பதில் இன்று எனக்கு வேண்டாம்!

உட்கார்ந்து படி. டிசம்பர் இருபத்தேழில் நடந்ததை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. இருபதாவது நிமிடம். இரண்டு திட்டுகள் ஏறுகின்றனவா என்று இயந்திரம் பார்க்க வேண்டிய இடம். ஏறினால், இரண்டுக்குள்ளும் அடங்கும் ஒரு சின்னத் திட்டு தேடலில் ஒருநாள் கிடைக்கும், இயந்திரம் நிற்கும். ஏறாவிட்டால்? "அப்படி ஒன்று கிடைக்கவில்லை, ஆகவே ஏறவில்லை, இது வெளிப்படை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வெனியமின் கையைத் தூக்கினான். கெட்ட எண்ணமே இல்லாத பையன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"எத்தனை நாள் தேடிட்டு, கிடைக்கலைன்னு சொல்லுவீங்க நாகிமா?"

நூறு நாள் தேடிக் கிடைக்காதது நூற்றோராம் நாள் கிடைக்கலாம். என் இயந்திரம் நிற்கவே நிற்காது. நாற்பது பக்கமும் அந்த ஒரு வரிமேல் நின்றன. இன்னொகென்தி பிளதோனவிச் கெட்டிலைக் காட்டினார்.

இரண்டு மாதம் தம்பி. அந்த ஓட்டையைப் பத்து விதமாக அடைத்துப் பார்த்தேன், பத்தும் பிய்ந்தது. வடக்கே போட வேண்டிய உடுப்புகளை எடுத்து வைக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். உனக்கு எழுதாததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றும் இல்லை. தோற்றேன் என்று எழுத என் கை வரவில்லை.

அப்போது உன் கதை வந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். 'அதுக்குத் தனியா கோல் வரணும்.' நான் சிரிப்பை நிறுத்தினேன்.

நான் 'ஏறுகிறது' என்பதற்கு மட்டும் கோல் வைத்திருந்தேன். 'விலகியிருக்கிறது' என்பதை மௌனத்திலிருந்து எடுத்துக்கொண்டேன், உன் அதிகாரி எடுத்துக்கொண்ட மாதிரியே. 'இல்லை' என்ற சொல்லை என் மொழியிலிருந்து தூக்கி வெளியே போட்டேன். அதன் இடத்தில் 'விலகியிருக்கிறது' என்று ஒரு புதுச் சொல்லை வைத்து, அதற்கும் ஒரு தனிச் சாட்சியைத் தேடச் சொன்னேன். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் கொஞ்சம் சுருங்கிய ஒரு திட்டையும் வைத்தேன். இப்போது இரண்டு தேடல்களும் ஒரே நேரத்தில் ஓடும். பெரிய திட்டுகள் ஏறுகின்றனவா என்று ஒன்று, சுருங்கிய திட்டுகள் விலகியிருக்கின்றனவா என்று மற்றொன்று. என் வெளிகளில் இரண்டில் ஒன்றுக்குக் கட்டாயம் கோல் வந்தே தீரும்! இயந்திரம் நிற்கும்! விளிம்பும் விளிம்பும் மயிரிழையில் முட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் திட்டமாகச் சொல்ல முடியாது. எந்த இயந்திரத்தாலும் முடியாது என்பதையும் சேர்த்தே நிரூபித்துவிட்டேன்.

பதினெட்டு நாளில் எல்லாப் பக்கங்களையும் திரும்ப எழுதினேன். ஏப்ரல் இருபத்தைந்தில் மறுபடி வியாழக்கிழமைக் கூட்டம். ஜூன் பதினெட்டு அப்படியே நிற்கிறது.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் யார்? அவருக்கு என்ன ஆனது? அவருக்கு ஒரு கிடா வெட்ட வேண்டும். நீ ஏன் பென்சிலில் எழுதுகிறாய், ஊதா மை தீர்ந்துபோனதா? தொப்பியை நான் மறக்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

உன்னால் உயிர் பிழைத்த அக்கா,
நாகிமா


கோக்தாஸ்
9 ஏப்ரல் 1974

அக்காவுக்கு,

சிவப்புப் பசு கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாயும் கன்றும் சுகம், நாங்களும் சுகம்.

உன் கடிதத்தை இந்தத் தரம் ஐந்து முறை படித்தேன். சுருங்கிய திட்டு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஸெய்னெப்புக்கு இரண்டு கம்பளத்தை விரித்து விளக்கிச் சொன்னேன். ரொம்பச் சரி, இப்போது கம்பளத்தை மடி என்றாள்.

இதைக் கண்டுபிடித்தது நீ. இங்கே எல்லா ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரிந்த விஷயம்தான் அது, ஒருத்தரும் நாற்பது பக்கம் எழுதவில்லை.

அந்த ஆள் நன்றாக இருக்கிறான். வெளிக்காற்றில் வேலை, உடம்பு இறுகிவிட்டது.

குர்த் அனுப்பியிருக்கிறோம். மூட்டையைக் கட்டியது ஸெய்னெப்.

எசிம்கான்


அகாதெம்கோரதோக்
5 மே 1974

தம்பிக்கு,

கன்றுக்கு என் முத்தம். நான் சுகம், இங்கே பனி உருகிச் செருப்பெல்லாம் சேறு.

இருபத்தைந்தாம் தேதி இரண்டரை மணி நேரம் பேசினேன். வெனியமின் பதினோரு கேள்வி கேட்டான், பதினொன்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் இன்னொகென்தி பிளதோனவிச் எழுந்து, "கெட்டில் யாருக்கு?" என்று சுற்றிப் பார்த்தார். யாரும் எழவில்லை. அவரே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கையால் தேநீர் குடித்தவர்கள் இந்த ஊரில் நாலு பேர்தான் என்கிறார்கள்.

ஆய்வேட்டின் சுருக்கத்தைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, சபை கூடுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஊரூராக அனுப்ப வேண்டும், அது இங்கே சட்டம். எங்கெங்கே அனுப்புவது என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் ஒரு முகவரியை நானே சேர்த்தேன். ஏன், எது என்று கேட்காதே.

தொப்பியைப் பற்றி நவம்பரில் கிடையாது என்றாய். மார்ச்சில் கேட்டதற்குக் கிடையாது என்றுகூடச் சொல்லவில்லை. அதிலிருந்து நான் எதுவும் முடிவுகட்டவில்லை, பயப்படாதே.

நாகிமா


தந்திகள்

18 ஜூன் 1974, நோவோசிபிர்ஸ்க்: சூயின்ஷி. நாகிமா

18 ஜூன் 1974, கோக்தாஸ்: சூயின்ஷி. எசிம்கான்

18 ஜூன், நோவோசிபிர்ஸ்க்: முதலில் கேட்டது நான். பரிசு சொல்

18 ஜூன், கோக்தாஸ்: இங்கேயும் செய்தி உண்டு. பரிசு இல்லாமல் சொல்லமாட்டேன்

19 ஜூன், நோவோசிபிர்ஸ்க்: மூத்தவள் நான்

19 ஜூன், கோக்தாஸ்: ஒற்றைப் பாதை. இரண்டு வண்டியும் நிற்கிறது. யாராவது ஒதுங்க வேண்டும்

19 ஜூன், நோவோசிபிர்ஸ்க்: ஒதுங்கினேன். சபையில் பதினாறு பேர். பதினாறும் ஆம்


கோக்தாஸ் ஸ்டேஷன்
23 ஜூன் 1974

என் அக்காவுக்கு,

இங்கே உயிர், கால்நடை, கன்று, இடுப்பு எல்லாம் சுகம். ஸெய்னெப் ஜனவரியிலிருந்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து மேலே வீசினாள். பாதி மிட்டாய் கூரையில் கிடக்கிறது, காக்கைகள் உன் பட்டத்தைக் கொண்டாடுகின்றன. நான் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். சரக்கு வண்டி டிரைவர் யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார். "இல்லை, என் அக்கா ஜெயிச்சுட்டா" என்றேன். அவர் வண்டி கண்ணுக்கு மறைகிற வரை சங்கு ஊதிக்கொண்டே போனார்.

பார், ஊதா மை. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி ஏழில் பணியில் இருந்தவன் நான்தான். விசாரணை முடிந்த அன்றே தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நாலு மாதம் தண்டவாளத்தில் பனி வாரினேன், கல் கொட்டினேன். உன் நிரூபணம் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இதையும் எழுதி உன் தலையில் ஏற்ற மனசு வரவில்லை.

சபை கூடிய அன்றே, நீ அங்கே கரும்பலகை முன்னால் நின்ற அதே காலையில், ஸவேலி லுக்கிச்சின் தனி வண்டி வந்தது. நான் மண்வெட்டியோடு பாதையில் நின்றேன். அவர் கையில் ஒரு சின்ன நீலப் புத்தகம். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"விஞ்ஞானிங்க எதுக்குய்யா எனக்கு இதை அனுப்பியிருக்காங்க? இதுல எங்கயாவது என் பேர் இருக்கா?"

ஒரு மாதமாகத் தூக்கமில்லை போல. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவருக்குப் புரிந்தது கடைசிப் பக்கத்தின் கடைசி வரி மட்டும்தான். 'இந்த ஆய்வின் மையக் கருத்துக்காகக் கோக்தாஸ் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் எசிம்கானுக்கு ஆசிரியரின் நன்றி.' அதைப் படித்துக் காட்டிவிட்டு, பணிப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பதிவேட்டில் நான் பாதைக் கூலி. புத்தகத்தில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சில் ஏறியது, நூறு ஊருக்குப் போனது, தப்பாக இருக்க முடியாது. ஆகவே பதிவேடுதான் தப்பு என்று தீர்மானித்து, அங்கேயே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். ஸெய்னெப்புக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். மேஜையில் அவர் கைக்குட்டையும் என் கைக்குட்டையும்தான் திட்டுகள். அவர் முட்டாள் இல்லை அக்கா, கவனமாகக் கேட்டார். கைக்குட்டைகளைத் தானே ஒரு தரம் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"கோல் வர்ற வரைக்குங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். அவர் புறப்படும்போது நான்தான் பணியில். சாரிஓபாவிலிருந்து கோல் வர அரை மணி நேரம் ஆனது. கடிகாரத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை அவர்.

என் பழைய தொப்பி கிடங்கில் எங்கே போனதென்று தெரியவில்லை என்று புதிது கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பழையதும் கிடைத்துவிட்டது. அது இல்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டதால் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் வழி தெரியவில்லை. குர்த் மூட்டைக்கு அடியில் பார்.

ஸ்டேஷன் மாஸ்டர்,
எசிம்கான்


அகாதெம்கோரதோக்
4 ஜூலை 1974

என் தம்பி, ஸ்டேஷன் மாஸ்டர் எசிம்கானுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் இங்கேயே இருக்கிறேன், ஆராய்ச்சி நிறுவனத்திலேயே வேலை போட்டுவிட்டார்கள். கள்ளிச்செடி பூத்திருக்கிறது.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கதையில் அந்த ஆள் பேசியது முழுக்க உன் வாய். பென்சில், தொப்பியைப் பற்றிப் பேச்சில்லை, வெளிக்காற்று. ஆனாலும் அதையெல்லாம் வைத்து நான் முடிவுகட்டவில்லை. ஏப்ரலில் வந்த குர்த்துக்கு நடுவே ஸெய்னெப்பின் சீட்டு ஒன்று இருந்தது. 'தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார்கள் அண்ணி, நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.' அதுதான் என் கோல். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

இன்று விடுமுறைக்கு முந்திய கடைசி வியாழன். தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இன்னொகென்தி பிளதோனவிச் பார்த்துவிட்டு எழுந்து நின்றார், நீ சொன்ன மாதிரியே. வெனியமின் பேசினான். பத்தாவது நிமிடம் 'இது வெளிப்படை' என்றான். நான் கையைத் தூக்கினேன்.

"கோல் எங்கே வெனியமின்?"

நன்றாகத்தான் தேநீர் போடுகிறான், சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம்.

உன் அக்கா,
நாகிமா